பூட்டிய வீட்டுக்கும் பாதை மிதிக்கும் ஊர்

மனிதருக்கும் விலங்குக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்த அந்தக் காலத்தில், ஜப்பான் தேசத்தின் வடக்கே, மலைகள் குறுக்கே நின்று மேகங்களை மறிக்கும் ஒரு பள்ளத்தாக்கில் ஹினோசவா என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆறு, ஆற்றோரமாக மேலேறிப் போகும் ஒரு தடம், அந்தத் தடத்தில் விட்டுவிட்டுப் பதினோரு வீடுகள். அவ்வளவுதான்.

வெயில்காலம் அங்கே அவசரமாக வந்து அவசரமாகப் போய்விடும். அதற்குள் நெல் நட்டு, அறுத்து, முள்ளங்கி பிடுங்கி, விறகு பிளந்து முடித்துவிட வேண்டும். பதினோராம் மாதத்தில் ஒரு நாள் மலை உச்சி வெளுக்கும். இரண்டு நாள் கழித்து நடுமலை வெளுக்கும். பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வெள்ளைச் சுவர் நிற்கும். அதற்கப்புறம் நான்காம் மாதம் வரை பனிதான். கீழ்த்தளம் முழுக்கப் புதைந்துபோகும். ஜனங்கள் மாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே எட்டிப் பார்ப்பார்கள். அண்ணாந்து பார்த்தாலும் வெள்ளை, குனிந்து பார்த்தாலும் வெள்ளை.

அந்த ஐந்து மாதமும் ஹினோசவாவில் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குப் போகமாட்டார். போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கமோஷிகா இருந்தது.

கமோஷிகா மலைச்சரிவில் வாழும் பிராணி. நம் பக்கத்து வரையாட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் அடர்ந்த ரோமம். தலையில் விரல் நீளத்துக்கு இரண்டு கறுப்புக் கொம்பு. பிளந்த குளம்பை அகல விரித்து வைத்தால் எவ்வளவு ஆழப் பனியிலும் அமிழாது. அந்தக் காலத்தில் அவை கூட்டமாக வாழ்ந்தன. அவற்றைப் போல வாயாடிகள் அந்த மலையிலேயே கிடையாது. விடிந்ததும் சரிவிலிருந்து இறங்கி, ஆளுக்கு இரண்டு வீடு மூன்று வீடு என்று பிரித்துக்கொள்ளும். ஒரு ஜன்னலில் சொன்னதை அடுத்த ஜன்னலில் கொண்டுபோய்ச் சொல்லும். சொன்னதைச் சொன்னபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். அதற்குக் கூலியாக ஒரு பிடி தவிடு, கொஞ்சம் முள்ளங்கி இலை, கூரை இறக்கத்தில் சற்று நேரம் நின்று குளிர்காயும் உரிமை.

ஆகவே, அடுத்த வீட்டில் இருப்பது யார் என்பதை ஹினோசவாக்காரர்கள் பனிக்காலம் முழுக்கக் காதால்தான் அறிந்தார்கள்.

பத்தாவது வீட்டில் மினே என்ற பெண் தனியாக இருந்தாள். நாற்பத்தொரு வயது. ஆற்றின் கீழ்க்கரை ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டும் வேலை அவள் கணவன் கான்சுகேவுக்கு. ஆறு வருஷங்களுக்கு முன், பனி உருகிய வெள்ளத்தில், மரத்தோடு மரமாக அவனும் போய்விட்டான். குழந்தை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏனோ மினே போகவில்லை. கணப்புக்கு மேலே முள்ளங்கிகளைக் கட்டித் தொங்கவிட்டுப் புகையில் வாட்டி, பிறகு தவிட்டில் ஊறப்போடுவாள். அவள் கைக்கு அது நன்றாக வரும் என்று ஊரில் பேர்.

பதினோராவது வீடு கடைசி வீடு. அங்கே தொராகிச்சி இருந்தார். கரி சுடுகிறவர். ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். வருஷக்கணக்கில் சூளைப் புகையை விழுங்கி அவர் நெஞ்சு கெட்டிருந்தது. பேச்சு மிகவும் குறைவு. பேசினால் இருமல் வரும் என்பதால் குறைத்துக்கொண்டாரா, இயல்பே அப்படியா, யாருக்கும் தெரியாது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே அறுநூறு அடி தூரம்கூட இருக்காது. ஆனால் தடம் ஒரு தேவதாரு தோப்பைச் சுற்றி வளையும். ஆகவே ஒரு வீட்டிலிருந்து மற்ற வீடு தெரியாது. கோடையில் கெண்டியில் தண்ணீர் கொதிப்பதற்குள் போய்த் திரும்பிவிடலாம். அப்படியும் யார் போனார்கள்? ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மினேயின் வாசலில் இரண்டு மூட்டை கரி இருக்கும். வைத்தவரைக் காணோம். மினே ஒரு வாளி புகைமுள்ளங்கியைக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்துவிடுவாள். அந்த இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் பனி சீக்கிரமே வந்தது. இடது காது கிழிந்த ஒரு கமோஷிகா பத்தாம் வீட்டையும் பதினோராம் வீட்டையும் தன் பங்காக எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் வீட்டுச் செய்தியையும் அதுதான் கொண்டுவந்தது. தினமும் காலையில் மினேயின் மாடி ஜன்னலுக்கு வந்து, குளம்பால் சட்டத்தைத் தட்டும்.

“மினே-சான், விழித்துவிட்டீர்களா?” பெயருக்குப் பின்னால் 'சான்' சேர்ப்பது அந்த ஊர் மரியாதை. “கீழ்வீட்டு குஹேய்-சான் சொல்கிறார்: 'எல்லோரும் நலம். கூரைப் பனியை ஒருமுறை தள்ளியாயிற்று.' மேல்வீட்டு தொராகிச்சி-சான் சொல்கிறார்: 'இருக்கிறேன்.'”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“நேற்றும் அதைத்தானே சொன்னார்?”

“நேற்று 'இருக்கிறேன், முள்ளங்கி நன்றாக இருந்தது' என்றார். இன்று 'இருக்கிறேன்' மட்டும்தான்.”

மினே சிரித்துவிட்டு, “நானும் இருக்கிறேன் என்று சொல்” என்பாள். அது தவிடு தின்னும். கொஞ்ச நேரம் கூரை இறக்கத்தில் நின்று, மலையில் எந்தப் பாறை உருண்டது, எந்த நரிக்குக் கால் சுளுக்கியது என்று ஏதேதோ பேசிவிட்டுப் போகும். அது போனபிறகு மறுநாள் காலைவரை அந்த வீட்டில் வேறு குரல் கிடையாது. மினே வைக்கோலில் செருப்புப் பின்னுவாள். கணப்பில் கரி உடையும் சத்தம் கேட்கும். மத்தியானத்தில் சில சமயம் தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, கையில் இருக்கும் பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்வாள். “ஊசி.” “கயிறு.”

முதல் மாதத்தின் நடுவில் பெரிய பனிப்புயல் அடித்தது. இரண்டு நாள் கமோஷிகா வரவில்லை. மூன்றாம் நாள் காற்று ஓய்ந்ததும் ஜன்னலில் குளம்புச் சத்தம் கேட்டது. மினே ஓடிப்போய்ப் பலகையை விலக்கினாள். கமோஷிகாவின் முகமெல்லாம் பனி ஒட்டியிருந்தது. எப்போதும் வந்ததும் வராததுமாகப் பேசத் தொடங்கும் பிராணி, அன்று வாயைத் திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

“என்ன ஆயிற்று? தொராகிச்சி-சான் என்ன சொன்னார்?”

கமோஷிகா முகத்தை உதறிக்கொண்டது. “தொராகிச்சி-சான் சொல்கிறார்,” என்று ஆரம்பித்து, சற்று நிறுத்திச் சொன்னது: “'இன்று காலையில் கூரையிலிருந்து பனி சரிந்தது. அந்தச் சத்தத்தில் விழித்தேன். உங்கள் கூரையிலும் சரிந்திருக்குமோ, நீங்களும் விழித்திருப்பீர்களோ என்று நினைத்தேன்.'”

மினே கையில் தவிட்டோடு அப்படியே நின்றாள். அந்த மனிதர் இவ்வளவு சொற்களைச் சேர்த்துப் பேசி அவள் கேட்டதே இல்லை.

“இதை அவரா சொன்னார்?”

“கொண்டுவந்ததைச் சொன்னேன், மினே-சான்.”

“அப்படியானால் சொல், எங்கள் கூரையிலும் சரிந்தது. நானும் விழித்துத்தான் இருந்தேன்.”

அன்றிலிருந்து செய்திகள் நீண்டன. தொராகிச்சி தேவதாரு மரத்தில் உட்காரும் ஆந்தையைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். அடுத்த வெயில்காலத்தில் சூளைக்குப் பக்கத்தில் கோதுமைப்பயிர் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பனி பெய்யும்போது சத்தம் வராது என்பார்கள், ஆனால் வரும், காதைக் கூர்ந்து வைத்தால் கேட்கும் என்றார். மினேவும் பதில் சொன்னாள். முதலில் ஒரு வரி, பிறகு பத்து வரி. கான்சுகேயின் உடம்பு கிடைக்காமலே போனதை, அவனுடைய சட்டையை மட்டும் வைத்துச் சடங்கு செய்ததை, அந்தச் சட்டையைப் புதைக்கும்முன் ஒரு நாடாவை அறுத்து வைத்துக்கொண்டதை, யாரிடமும் சொல்லாத அதையெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னாள். கமோஷிகா தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒருநாள் அதன் கண் ஈரமாக இருந்ததை மினே பார்த்தாள். குளிருக்கு அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அவள் காலையில் எழுந்ததும் தலைவாரிக்கொள்ளத் தொடங்கினாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வாருவாள்.

இப்படியே நாற்பது நாள் போயிற்று. ஒருநாள் காலை கமோஷிகா வந்து சொன்னது: “தொராகிச்சி-சான் சொல்கிறார், 'கணப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். பேசக்கூட வேண்டாம்.'”

மினே எழுந்துபோய் சுவரில் மாட்டியிருந்த பனிச்செருப்பை எடுத்தாள். வளைத்த கிளையில் கயிறு கட்டியது. விறகுக் கொட்டகைக்குப் போவதற்கு மட்டும் அவள் போட்டுக்கொள்வது.

“எங்கே போகிறீர்கள்?” என்றது கமோஷிகா.

“மேல்வீட்டுக்கு.”

“பனி இறுகவில்லை. இடுப்புவரை அமிழும்.”

“மிதித்து மிதித்துப் போகிறேன்.”

“யாரும் போனதில்லையே! தோப்புப் பக்கம் பனி தொங்கிக்கொண்டு நிற்கிறது. சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள், நான் கொண்டுபோகிறேன். எவ்வளவு நீளமாக இருந்தாலும் கொண்டுபோகிறேன்.”

“இதைச் சொல்லி அனுப்ப முடியாது” என்றாள் மினே. ஒரு சிறு தூக்கில் புகைமுள்ளங்கியை நறுக்கிப் போட்டுக்கொண்டாள். வைக்கோல் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே இறங்கினாள்.

கமோஷிகா அவளுக்கு முன்னால் போய் நின்றது. “இன்று வேண்டாம், மினே-சான்.”

“ஏன்?”

அது தலையைத் தாழ்த்திக்கொண்டு வழிவிட்டது.

அறுநூறு அடிக்கும் குறைந்த தூரம். அதைக் கடக்க அவளுக்கு அரை நாள் ஆயிற்று. ஒரு காலை வைத்து, பனியை மிதித்து இறுக்கி, அதன்மேல் ஏறி நின்று, அடுத்த காலை வைக்கவேண்டும். முகத்தில் வழிந்த வேர்வை புருவத்தில் உறைந்தது. தோப்பு வளைவில் ஒருமுறை மார்புவரை புதைந்துபோனாள். கமோஷிகா ஓடிவந்து கழுத்தைக் கொடுக்க, அதன் ரோமத்தைப் பற்றி மேலே வந்தாள். “உனக்கு நல்ல மனசு” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. கமோஷிகா தலையைத் திருப்பிக்கொண்டது.

வளைவைத் தாண்டியதும் பதினோராம் வீடு தெரிந்தது. கூரையில் ஆளுயரத்துக்குப் பனி ஏறியிருந்தது. ஒருமுறைகூடத் தள்ளப்படாத பனி. புகைபோக்கியின் வாயைப் பனி மூடியிருந்தது. ஜன்னல் முன்னால் கமோஷிகாவின் குளம்படிகள் மட்டும் ஒரு வட்டமாகப் பதிந்திருந்தன. அது தினமும் வந்து அங்கே நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

மினே கூப்பிட்டாள். பிறகு ஜன்னல் பலகையைப் பெயர்த்து உள்ளே போனாள்.

தொராகிச்சி அணைந்துபோன கணப்பின் பக்கத்தில் படுத்திருந்தார். போர்வையைக் கழுத்துவரை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் உறைபனி மெல்லியதாகப் படிந்திருந்தது. தலைமாட்டில் ஒரு துணி. அதில் காய்ந்த ரத்தம். குளிர் அவரை அப்படியே காப்பாற்றி வைத்திருந்ததால், இறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் கெண்டியில் இருந்த தண்ணீர் அடிவரை உறைந்து கெண்டியே வெடித்திருந்தது.

மினே கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தாள். கணப்புக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வெளியே வந்தபோது கமோஷிகா இருபது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தது.

“எப்போது?” என்றாள்.

“புயல் அடித்த நாட்களில். காற்று ஓய்ந்ததும் நான் வந்து தட்டினேன். பதில் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன்.”

“நாற்பது நாள்.”

“ஆமாம்.”

“அந்த ஆந்தை? கோதுமை? பனி பெய்யும் சத்தம்?”

“என்னுடையவை” என்றது கமோஷிகா. “ஆந்தை நான் பார்த்தது. சத்தம் நான் கேட்டது. அன்று உங்களிடம் உள்ளதைச் சொல்லத்தான் வந்தேன். ஜன்னலைத் திறந்தீர்கள். முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீங்கள் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.”

“அதற்கு முன்னால்? அவருக்கு உடம்பு முடியவில்லை என்று உனக்குத் தெரியும்தானே?”

“ரத்தமாக இருமினார். 'இருக்கிறேன் என்று சொல், வேறெதுவும் சொல்லாதே' என்றார். சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதானே எங்கள் வழக்கம்? அதைத்தான் சொன்னேன்.”

“ஒரே ஒரு வார்த்தை! அவர் இருமுகிறார் என்று ஒரு வார்த்தை கூட்டியிருந்தால் நான் அன்றே நடந்து வந்திருப்பேனே. கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பேன். கணப்பு அணையாமல் பார்த்திருப்பேன். உயிரோடு இருந்தபோது ஒரு சொல் கூட்ட உனக்கு மனசு வரவில்லை. செத்தபிறகு இவ்வளவு கூட்ட மட்டும் வந்ததா?”

“மினே-சான், நான்...”

“பேசாதே.” அவள் குரல் தோப்பில் மோதித் திரும்பியது. “உன் வாயிலிருந்து இனி ஒரு சொல் எனக்கு வேண்டாம். என்னிடமும் வேண்டாம், எந்த ஜன்னலிலும் வேண்டாம். பார்த்துக்கொண்டே நின்றாய் அல்லவா? அப்படியே நின்று பார்.”

கமோஷிகா வாயை மூடிக்கொண்டது.

மினே வீட்டுக்குத் திரும்பவில்லை. மிதித்து வந்த பாதையிலேயே இறங்கி, தன் வீட்டைத் தாண்டி, ஒன்பதாம் வீட்டை நோக்கிப் புதிதாக மிதிக்கத் தொடங்கினாள். ஒருவர் இறந்திருக்கிறார். அதை ஒரு பிராணியின் வாயில் சொல்லி அனுப்ப அவளுக்கு இஷ்டமில்லை. இருட்டுவதற்கு முன்பாக குஹேயின் மாடி ஜன்னலுக்கு வந்து சேர்ந்தாள்.

குஹேய் ஜன்னலைத் திறந்தவர் பயந்துபோனார். பனிக்காலத்தில் அங்கே மனித முகம் தெரிந்ததே இல்லை. “மினே-சானா? நிஜமாகவா?” என்று கேட்டு, கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

மினே விஷயத்தைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அறையைப் பார்த்தாள். குஹேயின் மனைவி கின் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இலையுதிர்காலத்தில் நிறைமாதமாக இருந்தவள். அறையில் குழந்தை இல்லை. தொட்டிலாக வைத்திருந்த வைக்கோல் கூடை மட்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“எப்போது?” என்று அன்றைக்கு இரண்டாவது முறையாகக் கேட்டாள் மினே.

“பன்னிரண்டாம் மாதம்” என்றார் குஹேய், தலையைக் குனிந்துகொண்டு. “மூன்று நாள் இருந்தது.”

“தினமும் 'எல்லோரும் நலம்' என்றுதானே சொல்லி அனுப்பினீர்கள்?”

“வேறு என்ன சொல்லி அனுப்புவது, மினே-சான்? ஜன்னலில் ஒரு ஆட்டிடம்?”

மினே எழுந்துபோய் கின்னின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கின் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக அழாத அழுகை அது. அடுத்த அறையில் குஹேய் பனிச்செருப்புக்குக் கயிறு கட்டத் தொடங்கினார்.

மறுநாள் குஹேய் எட்டாம் வீட்டுக்கு மிதித்துப் போனார். எட்டாம் வீட்டுக்காரர் ஏழாம் வீட்டுக்கு. ஒவ்வொரு ஜன்னலிலும் கமோஷிகா சொன்ன 'நலம்' ஒன்றாக இருந்தது, உள்ளே இருந்தது வேறாக இருந்தது. ஒரு வீட்டில் அரிசி தீர்ந்து பதினைந்து நாளாயிருந்தது. ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குள் பேச்சில்லாமல் இருந்தார்கள். இன்னொரு வீட்டில் கிழவர் ஒருவருக்குக் கண் மங்கிப்போய், அவர் பகலிலும் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தார். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. சொல்லி அனுப்பும்போது அந்த ஒரு சொல்தான் எல்லோருக்கும் வந்தது.

நான்காம் நாள் ஊரே மேலே ஏறியது. பத்து வீட்டு ஜனங்களும் வரிசையாக, முன்னவர் மிதித்ததைப் பின்னவர் மிதித்து இறுக்கிக்கொண்டு, பதினோராம் வீட்டுக்குப் போனார்கள். பனியை வெட்டி, உறைந்த மண்ணை நெருப்பு மூட்டி இளக்கி, தொராகிச்சியைப் புதைத்தார்கள். அவர் சுட்ட கரியால்தான் அந்த நெருப்பை மூட்டினார்கள். மேல்சரிவில் கமோஷிகாக் கூட்டம் நின்று பார்த்தது. ஊர்க்காரர்கள் நிமிர்ந்து பார்த்து, “இனிமேல் நீங்கள் வரவேண்டாம்” என்று சொன்னார்கள். கோபமாக அல்ல, களைப்பாகத்தான் சொன்னார்கள். சுமக்கச் சொல் இல்லாத கூட்டத்துக்குள் பேச்சு மெல்லக் குறைந்தது. தமக்குள் சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை என்று ஆனபோது, அவை ஒவ்வொன்றாகப் பிரிந்து, ஆளுக்கொரு சரிவுக்குத் தனித்தனியே போய்விட்டன.

அதன் பிறகு தினமும் காலையில், அந்தந்த வீட்டார் அடுத்த வீட்டு வாசல்வரை பாதை மிதித்தார்கள். குஹேய் மினேயின் ஜன்னல்வரை மிதித்து வந்து, “முகத்தைக் காட்டுங்கள், போகிறேன்” என்பார். மினே முகத்தைக் காட்டுவாள். அதோடு ஊரின் பாதை முடிந்திருக்கலாம். மேலே இருந்தது காலி வீடு.

ஆனால் மினே பனிச்செருப்பை மாட்டிக்கொண்டு மேலே போனாள். பனி பெய்த ஒவ்வொரு காலையும் தோப்பைச் சுற்றி மிதித்து, பதினோராம் வீட்டு வாசல்வரை போய், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

“அங்கேதான் யாரும் இல்லையே, மினே-சான்” என்றார் குஹேய் ஒருநாள்.

“இல்லை என்பதை நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்றாள் மினே.

மூன்றாம் மாதக் கடைசியில், பனியின் மேல்தோல் மின்னத் தொடங்கியிருந்த ஒரு காலை. வழக்கம்போலத் தோப்பு வளைவைத் தாண்டியவள் நின்றுவிட்டாள். காலி வீட்டுக்குச் சற்று மேலே, சரிவில், இடது காது கிழிந்த கமோஷிகா நின்றுகொண்டிருந்தது. இளைத்திருந்தது. ஓடவில்லை. அவளையே பார்த்தது.

மினேயின் கோபம் எப்போது கரைந்ததென்று அவளுக்கே தெரியாது. வீட்டில் தனியாக இருக்கும்போது அவள் நினைவுக்கு வந்த சொற்கள் எல்லாம் அந்த நாற்பது நாள் சொற்களாகவே இருந்தன. 'இருக்கிறேன்' என்று மட்டும் சொன்ன மனிதருக்காக அவள் அழுதாள். ஆந்தையையும் பனிச் சத்தத்தையும் பற்றிச் சொன்னவருக்காகவும் அழுதாள். அந்த இரண்டாமவர் இதோ நிற்கிறார்.

“ஏய்” என்றாள். “அன்றைக்குச் சொன்னாயே, கணப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும் என்று. அது உன் சொல்தானா?”

கமோஷிகா அசையவில்லை.

“கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். பேசு. இனி யாருடைய செய்தியும் வேண்டாம். உன் சொந்தப் பேச்சு ஏதாவது பேசு. நான் கேட்கிறேன்.”

கமோஷிகா வாயைத் திறந்தது. வெண்ணிற மூச்சு மட்டும் வெளியே வந்து காற்றில் கலைந்தது. இன்னொரு முறை திறந்தது. தொண்டை அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு மாதமாக விட்டிருந்த பேச்சு, தேடியபோது அதனிடம் இல்லை. அது வாயை மூடிக்கொண்டு, சொல்லவேண்டியது எல்லாம் கண்ணில் இருப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டே நின்றது. மினேவும் நின்றாள். சூரியன் மரங்களுக்கு மேலே ஏறும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு அது மெல்லத் திரும்பிச் சரிவில் ஏறி மறைந்தது.

மினே அதற்கப்புறம் இருபத்தாறு பனிக்காலம் இருந்தாள். அத்தனை பனிக்காலமும் அந்தப் பாதையை மிதித்தாள். அவள் போனபிறகு பத்தாம் வீடும் காலியாயிற்று. குஹேயின் வீட்டார் ஒன்றும் பேசிக்கொள்ளாமல் பத்தாம் வீட்டுக்கும் மிதித்தார்கள், பதினோராம் வீட்டுக்கும் மிதித்தார்கள்.

இப்போது ஹினோசவா கொஞ்சம் பெரிய ஊர். ஒரே ஒரு பெட்டி கொண்ட ரயில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து நிற்கும். பல நாள் யாரும் ஏறுவதில்லை, இறங்குவதும் இல்லை. ஒரு காலத்தில் அங்கே நூறு வீடுகளில் விளக்கு எரிந்தது. இப்போது எரிவது முப்பதில். பிள்ளைகள் தெற்கே வேலைக்குப் போய்விட்டார்கள், பள்ளிக்கூடம் மூடியாயிற்று. சாலைப் பனியை அள்ள இயந்திரம் வருகிறது. இருந்தாலும் விடிந்ததும் மிச்சமிருக்கும் ஜனங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, பக்கத்து வீட்டு வாசல்வரை பனியை மிதிக்கிறார்கள். பக்கத்து வீடு பூட்டிக்கிடந்தால் அதன் பூட்டுவரை மிதிக்கிறார்கள். சில காலைகளில் பாதை முடியும் இடத்துக்கு மேலே, சரிவில், சாம்பல் நிறத்தில் ஒன்று தனியாக நிற்கும். அவர்களும் ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

மினே கோபத்தில் ஒரு வார்த்தை சொன்ன அந்த நாளிலிருந்துதான், கமோஷிகா கூட்டம் சேராமல் தனியாக வாழ்கிறது. மனிதரைக் கண்டால் ஓடாமல், ஒரு சத்தமும் போடாமல், முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஹினோசவாவில் யாரும் இல்லாத வீட்டுக்கும் தினமும் ஒரு பாதை போகிறது.